மோட்டார் ஆறும்வரை

இல்லை, மூக்கு என்னுடையது இல்லை. என் மனைவியுடையதும் இல்லை. மருமகள் வீட்டார் வந்து, "எங்க பக்கத்து மூக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சம்பந்தி வாயை யார் மூட முடியும்? ஆனால் அது என் தங்கையின் மூக்கு. நுனி மட்டும் லேசாக மேலே தூக்கியிருக்கும், எதையோ மோந்து பார்த்துச் சந்தேகப்படுகிற மாதிரி. பேரன் பிறந்து ஆறு நாள்தான் ஆகிறது. மடியில் போட்டால் இப்போதே அப்படித்தான் மூக்கைத் தூக்குகிறான். நீங்கள் யாரும் கேட்கவில்லைதான். பேரன் பிறந்த வீட்டில் கேட்டால்தான் சொல்ல வேண்டுமா என்ன?

அந்த மூக்குதான் வருஷக்கணக்காக ஒரு மனிதனை நிம்மதியாகக் கடை நடத்த விடவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

என் தங்கை படகுக்காரி. எங்கள் ஆறு கடலில் சேருகிற இடத்தில் அகலம் ரொம்ப அதிகம். பாலம் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் ஆகும். அக்கரையில் ஐஸ் ஃபாக்டரி. அந்த வேலையாட்களைக் காலையில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவது அவள் தொழில். பன்னிரண்டு வருஷம் துடுப்புப் போட்டாள். அவள் உள்ளங்கையைத் தொட்டால் செருப்பின் அடியைத் தொட்ட மாதிரி இருக்கும். அவள் புருஷன் அதே ஃபாக்டரி கேன்டீனில் சமையல். வாயைத் திறந்தால் "உப்பு போதுமா?" என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். மற்றபடி தங்கமான மனுஷன்.

ஒருநாள் ஃபாக்டரி மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "மோட்டார் படகா இருந்தா மூணு ஷிப்டையும் உனக்கே தந்துடறேன்" என்றார். கையில் இருந்ததை வழித்துத் துடைத்து ஒரு பழைய மோட்டார் வாங்கலாம் என்று கிளம்பினாள். துணைக்கு நான்.

படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார்களை வாங்கி விற்கிறவர் எங்கள் படகுத்துறையில் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கடையில் எல்லாம் பளபளக்கும். மோட்டார், மேஜை, அவர் செருப்பு, எண்ணெய் தடவி வாரிய அவர் தலை, எல்லாம். தகரக் கொட்டகைக்குள் மரச் சட்டங்களில் மோட்டார்களை வரிசையாக மாட்டி வைத்திருப்பார், பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிறுத்தின மாதிரி.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பத்துக்குப் போனோம். நான் ஒரு மோட்டாரின் மேல்மூடியில் கையை ஊன்றிச் சாய்ந்தேன். உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கொட்டகைக்குள் வெயிலே வராது என்பது என் மண்டையில் ஏறவில்லை. பாலிஷ் அதே மோட்டாரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. புலி மாதிரி உறுமியது.

"பார்த்தீங்களாம்மா? சின்னப் புள்ள இழுத்தாலும் எடுத்துக்கும்."

தங்கை என்னைப் பார்த்தாள். "என்னண்ணே சொல்ற?"

"ஒரே இழுப்புல எடுத்துடுச்சே, இதுக்கு மேல என்ன பார்க்கணும்? வாங்கிடு" என்றேன். என் நாக்கில் சனி.

எட்டாம் நாள். காலை ஷிப்டுக்குப் பதினான்கு பேர் படகில். நடு ஆற்றில் மோட்டார் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் கப்சிப். கயிற்றை இழுத்தால் கல்லில் கட்டிய மாதிரி, அசையவில்லை. மோட்டார் வந்துவிட்டது என்று துடுப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். வடிகிற தண்ணீர் படகை இழுத்துக்கொண்டுபோய் மணல்திட்டில் ஏற்றியது. மத்தியானம் தண்ணீர் ஏறும்வரை பதினான்கு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அன்றைய வேலை போயிற்று. மறுநாள் ஃபாக்டரி வேறு படகைப் பேசிவிட்டது. தங்கைக்குத் தொழிலே போயிற்று.

அவள் நேராகப் படகுத்துறைக்குப் போய்ப் பாலிஷிடம் கேட்டாள். அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டே, அங்கே நின்ற முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"பெட்ரோல்ல எண்ணெய் கலக்காம வெறும் பெட்ரோலை ஊத்தி ஓட்டினா மோட்டார் என்ன பண்ணும்? அடுப்புல எண்ணெய் ஊத்தத் தெரிஞ்சா போதும் பொம்பளைக்கு. மோட்டார் எதுக்கு?"

படகுத்துறையே சிரித்தது. அளவு பாட்டிலில் கோடு போட்டுத் தினமும் எண்ணெய் கலந்தவள் அவள். புனல் பிடித்தவன் நான். சொன்னேன். "அண்ணன் தங்கச்சிக்குத்தான்யா பேசுவான்" என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'எண்ணெய் மறந்தவ'. மளிகைக் கடைக்காரர்கூட, "எண்ணெய் வேணுமா, இல்ல இன்னைக்கும் மறந்தாச்சா?" என்று கேட்டார்.

அவள் அழவில்லை. வீட்டுச் சுவரில் துடுப்பைச் சாத்தி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அந்த வார்த்தை பொய்யின்னு அவன் வாயாலயே, அதே இடத்துல, அத்தனை பேருக்கு முன்னாடி வரணும். அதுவரைக்கும் நான் துடுப்பைத் தொட மாட்டேன்."

மோட்டார் கைக்கு வெதுவெதுப்பாக இருந்ததையும், அதை வெயில் என்று நான் நினைத்ததையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கும் ஒரு பெயர். "வெயில் அண்ணன் வந்திருக்காரு, டீ போடுங்க" என்பாள் புருஷனிடம். பதினோரு வருஷமாக அந்த டீ தொண்டையில் சுகமாக இறங்கியதில்லை.

செத்த மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்து, சுருட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். வாயில் சுருட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது, பற்றவைத்துப் பார்த்தவரும் கிடையாது. அவர் மோட்டாரைப் பிரித்தார். உள்ளே துரு. தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கிற வழியெல்லாம் உப்பும் மணலும் இறுகிக் கிடந்தன.

"கடல்ல முங்கிக் கிடந்த மோட்டார்மா இது. வெளிய மட்டும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்பியிருக்கான்."

இதைப் போய்ச் சொன்னதற்குப் பாலிஷ், "நீயே தண்ணியில போட்டிருப்பே" என்று கையை உதறினார்.

தங்கை மெக்கானிக்கிடம் திரும்பிப் போனாள். "உங்க கடையில சாமான் கழுவற வேலை குடுங்க. குடுக்கறதைக் குடுங்க. ஆனா வர்ற ஒவ்வொரு மோட்டாரும் எதனால செத்துச்சுன்னு எனக்குக் காட்டணும்."

"டாக்டருக்குப் படிக்கப் போறியா?"

"பிணம் அறுக்கப் போறேன்."

இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் கை ஊற ஊறக் கழுவினாள். எண்ணெயை மோந்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். அந்த மூக்கு அப்போது கூர்மையானதுதான். தன் செத்த மோட்டாரை மட்டும் கடைசிவரை சரிசெய்யவில்லை. வீட்டு வாசலில் ஒரு சட்டத்தில் மாட்டித் துணி காயப்போட்டாள். புருஷன் ஒரே ஒரு தடவை, "பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார். "அது பக்கத்துல நீங்களும் போய் நில்லுங்க, சேர்த்துப் போட்டுடலாம்" என்றாள். அவர் உப்பு பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் வருஷம் ஒரு சனிக்கிழமை. பாலிஷுக்குச் சனிக்கிழமைதான் வியாபாரம். அவர் கடைக்கு எதிரே, ரோட்டோரத்தில், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ரோடு பொது. ஸ்டூல் அவளுடையது. பையில் ப்ளக் கழற்றும் ஸ்பானர், திருப்புளி, காந்தத் துண்டு, அமுக்கம் பார்க்கும் மீட்டர், ஒரு வெள்ளைத் துணி. கடைக்குள் போகிறவர்களிடம், "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்பாள். எவ்வளவு என்று கேட்டால், "அவன் மூஞ்சியைப் பார்க்கறேன்ல, அதுவே கூலி."

முதலில் மேல்மூடியைத் திறக்கச் சொல்வாள். இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பாள். அடிப்பாகத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். "பாவம், கீழே மட்டும் எதுக்கு மேக்கப்? எங்கேயோ பாறையில மோதி ஒடைஞ்சு வெல்டு வச்சிருக்கு." ப்ரொப்பல்லரைச் சுற்றிவிட்டு, நடுத்தண்டு தள்ளாடுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். ப்ரொப்பல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால், அது உள்ளே இருக்கிற ரப்பரை அறுத்திருக்கும், அந்த வழியாகத் தண்ணீர் நுழைந்திருக்கும் என்பாள். உடனே அடியில் இருக்கிற திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தி, கசிகிற கியர் எண்ணெயை வெள்ளைத் துணியில் பிடிப்பாள். தேன் மாதிரி இருந்தால் தலையாட்டுவாள். பால் டீ மாதிரி இருந்தால் துணியைக் கடைக்குள் நீட்டி, "முதலாளி, டீ ரெடி!" என்பாள். காந்தத்தை அதில் தடவி, இரும்புத் தூள் ஒட்டினால் அதையும் காட்டுவாள். ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டரை வைத்துக் கயிற்றை இழுக்கச் சொல்வாள். "ரெண்டு சிலிண்டரும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா இருக்கணும். ஒண்ணு நூத்திப் பத்து, இன்னொண்ணு எழுபதுன்னா அது குடும்பம் இல்ல, கோர்ட்டு கேஸு."

நல்ல மோட்டாரை நல்லது என்றுதான் சொல்வாள். நானே ஒருநாள் கேட்டேன், "எல்லாத்தையும் கெட்டதுன்னு சொல்லிட்டா அவன் கடை நாளைக்கே மூடிடுமே?"

"அப்போ அவனும் நானும் ஒண்ணாயிடுவோம். பொய் சொல்லி ஒருத்தனை அடிச்சா அடி அவனுக்கு வலிக்காதுண்ணே. நிஜத்தால அடிக்கணும். அதுதான் எலும்புல இறங்கும்."

பாலிஷ் சும்மா இருக்கவில்லை. நாய் வாங்கி வாசலில் கட்டினார். மூன்றாவது சனிக்கிழமை நாய் அவள் கையால் பன் தின்றுவிட்டு ஸ்டூலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. போலீஸில் எழுதிக் கொடுத்தார். வந்த போலீஸ்காரர் ரோட்டை அளந்து பார்த்தார், பாலிஷைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்: "என் மச்சான் ஒரு மோட்டார் பார்த்து வச்சிருக்கான். வந்து பார்க்க முடியுமாம்மா?"

வியாபாரம் பாதியாகத் தேய்ந்தது. ஆனால் அந்த வார்த்தையை மட்டும் அவர் திருப்பி எடுக்கவில்லை. யார் கேட்டாலும், "எண்ணெய் மறந்தவளுக்கு என் மேல காண்டு" என்பார். துடுப்பு சுவரிலேயே இருந்தது. அதன்மேல் பல்லி குடும்பம் நடத்தியது.

இப்படியே பதினோரு வருஷம் ஆயிற்று. போன மாதம், மருமகளுக்கு நிறைமாதம். என் மகனுக்குச் சின்னப் படகு உண்டு. அக்கரைக்குக் காய்கறிக் கூடை ஏற்றிப் போகிறான். பிள்ளை வருவதற்குள் மோட்டார் வாங்கிவிட வேண்டும் என்று துடித்தான். யாருக்கும் தெரியாமல் பாலிஷிடம் பேசி முடித்துவிட்டான். என்னிடம் மட்டும் சொன்னான்.

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்கப்பா. அவங்க வந்தா காரியம் கெட்டுடும். அவங்களுக்கு மோட்டார் முக்கியமில்ல, பழிதான் முக்கியம்."

எனக்கு உள்ளங்கை வெதுவெதுவென்று ஆயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு தடவை வெயில் அண்ணன் ஆகிவிடுவேன். நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். மகன் சொன்னதை ஒரு எழுத்து குறைக்காமல் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "பையன் சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றாள். பிறகு, "எத்தனை மணிக்கு வரச் சொன்னான் அந்த ஆளு?"

"பத்து."

"பத்துக்கே போவோம். சீக்கிரம் போக வேண்டாம். அவன் சூடு பண்ணி முடிக்கட்டும்."

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போனோம். அவளைப் பார்த்ததும் மகன் முகம் சுண்டிப்போயிற்று. பாலிஷ் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "வாங்க வாங்க, இன்னைக்கு உள்ளேயே வந்துட்டீங்களே." அவர் காட்டிய மோட்டார் கண்ணாடி மாதிரி மின்னியது. கயிற்றில் கை வைத்தார்.

"இருங்க முதலாளி" என்றாள் தங்கை. மேல்மூடியைக் கழற்றிக் கையை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் வைத்தேன். சூடு.

"வெயில்ல காஞ்சிருக்கும் அத்தை" என்றான் மகன்.

"இந்தக் கொட்டகைக்குள்ள வெயில் வராதுடா" என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

தங்கை பாலிஷின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சூடான மோட்டார் யார் இழுத்தாலும் எடுத்துக்கும். ஆறட்டும். ஆறின பிறகு இழுங்க."

"எனக்கு வேலை இருக்கும்மா."

"பாருங்க, பாருங்க. பதினோரு வருஷம் காத்திருந்தவளுக்கு ரெண்டு மணி நேரம் ஒரு கணக்கா?"

உட்கார்ந்தாள். டீ வாங்கி வரச் சொன்னாள். நாய் வந்து அவள் காலடியில் படுத்தது. அவளைக் கடைக்குள் பார்த்த ஆச்சரியத்தில் படகுத்துறை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அன்று மணல்திட்டில் வெயில் காய்ந்த நாலைந்து பேரும் அதில் இருந்தார்கள். பாலிஷ் மேஜையைத் துடைத்தார். துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தார்.

பன்னிரண்டரைக்குத் தங்கை எழுந்து கையை வைத்துப் பார்த்தாள். "இப்போ சரி. நீங்களே இழுங்க முதலாளி. சின்னப் புள்ள இழுத்தாலும் எடுக்கும்ல?"

இழுத்தார். ஒன்று. இரண்டு. கூட்டம் எண்ண ஆரம்பித்தது. ஒன்பதாவது இழுப்பில் சட்டை அக்குளில் கிழிந்தது. பதினேழில் தலை முடி கலைந்து, பாலிஷ் முதல் தடவையாகப் பாலிஷ் போன மாதிரி நின்றார். இருபத்து மூன்றாவது இழுப்பில் கயிறு கையில் வந்துவிட்டது. ஒருத்தன், "முதலாளி, எண்ணெய் கலந்தீங்களா?" என்று கத்தினான். அப்படி ஒரு சிரிப்பு நான் அந்தத் துறையில் கேட்டதில்லை.

தங்கை சிரிக்கவில்லை. குனிந்து அடித் திருகைத் தளர்த்தினாள். முதலில் வந்தது எண்ணெய்கூட இல்லை, வெறும் தண்ணீர். ஒரு சொட்டை விரலில் எடுத்து மோந்தாள், நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

"கடல்தண்ணி. இதுவும் முங்கினதுதான்."

பாலிஷுக்கு அதுதான் பொறுக்கவில்லை. முகம் சிவந்து, விரலை ஆட்டிக் கத்தினார். "முங்கினா என்னடீ? முங்கினது எத்தனையோ ஓடுது! உன்னுதும்தான் ஒரு ராத்திரி தண்ணியில கிடந்துச்சு, வெறும் ஒரே ஒரு ராத்திரி! அதைக்கூட எட்டு நாளைக்கு மேல ஓட்டத் தெரியல உனக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

தங்கை என் பக்கம் திரும்பி, பிறகு அவரிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "முதலாளி, இன்னொரு தடவை சொல்லுங்க. எங்க அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவர் மேஜை துடைக்கிற துணியைத் தேடினார். இன்னொரு தடவை சொல்லத் தேவையும் இல்லை. மணல்திட்டில் உட்கார்ந்தவர்களில் ஒருவர், அன்று முதல் ஆளாகச் சிரித்தவர், முன்னால் வந்து, "எங்களை மன்னிச்சுக்கோம்மா" என்றார். "உங்களை எதுக்குங்க? நீங்க சிரிச்சீங்க, அவ்வளவுதானே. பட்டியல்ல உங்க பேரு பின்னாடிதான் வரும்" என்றாள். அவர் இன்றுவரை அவளைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் நடக்கிறார்.

மகன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். தங்கை மூலையைக் காட்டினாள். பெயின்ட் உரிந்து, தூசி படிந்து ஒரு மோட்டார். "அதோ, ஒரு மேக்கப்பும் இல்லாம நிக்குதே, அதை இறக்குடா." கை வைத்தாள், சில்லென்று இருந்தது. எண்ணெய் தேன். மீட்டரில் அண்ணனும் தம்பியும் சமம். டிரம்மில் இறக்கி இழுத்தான். மூன்றாவது இழுப்பில் எடுத்தது. சூட்டைத் தணிக்கிற தண்ணீர் பக்கவாட்டுத் துளையிலிருந்து இடைவிடாமல் பீய்ச்சியது. "கியர் மாத்து. முன்னே. பின்னே. சரி, இதை வாங்கிக்கோ." பிறகு பாலிஷிடம்: "தூக்கிட்டு வந்து படகுல மாட்டி விடுங்க முதலாளி." கிழிந்த சட்டையோடு அவர் தூக்கி வந்தார்.

அன்று சாயங்காலம் துடுப்பிலிருந்து பல்லியைத் துரத்தினாள். தனியாகப் படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்த் திரும்பினாள். மறுநாள் காலை, வாசலில் இருந்த செத்த மோட்டாரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பாலிஷ் கடைக்கு எதிரே, தன் ஸ்டூல் இருந்த இடத்தில் வைத்தாள். ஒரு அட்டையில் கரியால் எழுதி மாட்டினாள்: ஒரே ராத்திரி. ஒரு வாரத்தில் ஊரில் பாலிஷ் என்ற பெயரே மறந்துபோயிற்று. "ஒரே ராத்திரி கடையிலயா வாங்கினே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் முடிவதற்குள் கொட்டகைக்குப் பூட்டு.

இன்று காலை தங்கை பேரனைப் பார்க்க வந்தாள். பிறந்த உடனே வீறிட்டு அழுதான் என்று என் மனைவி பெருமையாகச் சொன்னாள். "முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தீங்களா அண்ணி?" என்றாள். உச்சந்தலையை மோந்து பார்த்தாள், விரல்களை எண்ணினாள், திருப்பிப் போட்டு முதுகைத் தடவினாள். அவன் அவள் புடவையிலேயே ஒன்றுக்குப் போனான். "தண்ணி ஓட்டம் நல்லா இருக்கு. அடைப்பு எதுவும் இல்ல" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, இனி சனிக்கிழமை உனக்கு ஓய்வுதானே, இவனைத் தூக்கி வைத்துக்கொண்டு இரேன் என்றேன். அப்போதுதான் மகன் வாயைக் கொடுத்தான்: பாலிஷ் அடுத்த ஊர்த் துறையில் புதுக் கடை போட்டிருக்கிறாராம், போர்டெல்லாம் மின்னுகிறதாம்.

தங்கை பேரனை என் மடியில் மெதுவாக வைத்தாள். இரண்டு மூக்கும் ஒரே மாதிரி தூக்கியிருந்தன.

"அந்த ஊருக்கு பஸ் எப்போன்னு விசாரிச்சு வைண்ணே. முதல் பஸ் வேண்டாம், ரெண்டாவது பஸ்ல போறேன். அவன் சூடு பண்ணி முடிக்கட்டும்."